ஹீத் நிலத்து மாடுகளை எண்ணப் போகிறவர்களுக்கு

பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பத்து மாடுதான் தெரிகிறது. மழை தூறுகிறது, ஒன்பதரைக்கு ஆபீஸ் மீட்டிங், போனில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகிறது. தன்னார்வலராகச் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

இங்கிலாந்தின் தெற்கே, சர்ரே பக்கத்து ஹீத் நிலங்களில் மேயும் மாடுகளை நாலு வருஷமாக வாரம் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சம்பளம் கிடையாது. "கணக்கு வரலைன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்" என்று வாத்தியார் சொன்னது பாதிதான் பலித்தது, ஏனென்றால் இங்கே மாடு மேய்க்கவும் கணக்கு வேண்டும்.

ஹீத் என்பது சத்தில்லாத, அமிலத்தன்மை உள்ள மணல் பூமி. ஆகஸ்டில் ஹெதர் என்னும் குட்டைப் புதர் பூத்து நிலமே ஊதாவாகக் கிடக்கும், நடுநடுவே மஞ்சள் பூவோடு கார்ஸ் முட்புதர். பார்த்தால் ஆதிகாலத்திலிருந்து மனிதக் கை படாத இடம் மாதிரி இருக்கும், ஆனால் ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஜனங்கள் மாடு மேய்த்து, அடுப்புக்குப் புதர் வெட்டி, புல்லை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து உண்டாக்கிய நிலம் அது. மேய்ச்சல் நின்றதும் பிர்ச்சும் பைனும் முளைத்து, பத்து இருபது வருஷத்தில் காடாகிவிடும். கட்டடங்களும் விவசாயமும் தின்றது போக, 1800 வாக்கில் பிரிட்டனில் இருந்த தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. தரையில் முட்டையிடும் நைட்ஜார் பறவை, மணல் பல்லி, டார்ட்ஃபோர்ட் வார்ப்ளர் குருவி எல்லாம் மிச்சமிருப்பதை நம்பித்தான் இருக்கின்றன. இயந்திரம் விட்டு வெட்டலாமே என்று கேட்பார்கள். வெட்டினால் எல்லாம் ஒரே உயரத்துக்கு மொட்டையாகிவிடும். மாடு அப்படியில்லை, நாக்கால் சுற்றிப் பிடித்து ஒரு கொத்தைப் பிடுங்கும், பக்கத்துக் கொத்தை விட்டுவிடும், குளம்பு பட்ட இடத்தில் வெறும் மணல் தெரியும், அந்த மணலில்தான் பல்லி முட்டையிடும்.

சரி, உங்கள் வேலை என்ன? பார்ப்பது. கென்ட், சசெக்ஸ் பக்கம் சொந்தக்காரருக்காக ஆடு மாடு பார்க்கும் ஆளுக்கு 'லுக்கர்' என்றே பழைய பெயர், அதாவது பார்க்கிறவர். மருந்து போடுவதும் பிடித்துக் கட்டுவதும் மந்தைப் பொறுப்பாளர் வேலை. ஊரில் மாட்டோடு வளர்ந்தவர்களுக்குத்தான் இது கஷ்டம், கை சும்மா இருக்காது. கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொண்டு போக வேண்டியவை அதிகமில்லை. பைனாகுலர் கட்டாயம். சார்ஜ் ஏற்றிய போன், நீளக் கால்சட்டை, அதை உள்ளே செருகிக்கொள்ள நீளமான சாக்ஸ். ஒன்று மட்டும் வேண்டாம்: சரசரவென்று சத்தம் போடும் பிளாஸ்டிக் பை. இந்த மாடுகளை இடம் மாற்றும்போது வாளியில் தீவனத்தைக் குலுக்கிக் கூப்பிட்டுப் பழக்கியிருப்பார்கள். நான் ஒரு தடவை சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்தேன், ஒவ்வொன்றும் ஐந்நூறு கிலோ இருக்கும், பதினொன்றும் தலையைத் தூக்கி, அப்புறம் ஓட்டமாகவே வந்தன. சாண்ட்விச் பைக்குள் போனது, நான் கேட்டுக்கு அந்தப் பக்கம் போனேன்.

முதலில் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமே. பல இடங்களில் இப்போது கழுத்தில் நோஃபென்ஸ் பட்டை போடுகிறார்கள், நார்வேக்காரர்கள் செய்வது, ஜிபிஎஸ் உள்ளது. போன் வரைபடத்தில் கோடு போட்டால் அதுதான் வேலி. மாடு கோட்டை நெருங்கினால் பட்டை ஒரு ராகம் மாதிரி மேலே ஏறிக்கொண்டே போகும் ஒலியை எழுப்பும், அதையும் மீறி நடந்தால் சின்னதாக ஒரு மின் அதிர்வு. சில நாளில் ஒலி கேட்டவுடனேயே திரும்பப் பழகிவிடும். ஆனால் ஆப்பில் புள்ளி இருக்கிறது என்பதால் மாடு நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, பட்டை மட்டும் கழன்று முள்ளில் தொங்கினாலும் புள்ளி தெரியும். பட்டை இல்லாத மந்தை என்றால் வானிலையைப் பாருங்கள். வெயிலும் ஈயும் இருந்தால் காற்று வீசும் மேட்டில் நிற்கும், குளிர்ந்த மழை என்றால் காற்று மறைவில் பிர்ச் மரத்தடியில். வழியில் கிடக்கும் சாணத்தையும் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் கிட்டத்தில்தான் இருக்கின்றன, மேலே காய்ந்து தோல் கட்டியிருந்தால் வேறு பக்கம் போங்கள்.

எண்ணுவதில் ஒரு தந்திரம் சொல்கிறேன். நாங்கள் பார்ப்பது பெல்ட்டட் காலோவே. ஸ்காட்லாந்தின் தென்மேற்கு இனம், கொம்பு கிடையாது, கறுப்பு உடம்பில் நடுவயிற்றைச் சுற்றி வெள்ளைப் பட்டை, வேட்டியை இறுக்கிச் சுற்றியது மாதிரி. நிழலில் கறுப்பு மறைந்து பட்டை மட்டும் மிதக்கும், ஒன்றின் பின்னால் ஒன்று நின்றால் இரண்டு பட்டை ஒன்றாகிவிடும். அதனால் ஒரே இடத்திலிருந்து எண்ணாதீர்கள், ஐம்பது அடி நகர்ந்து இன்னொரு தடவை எண்ணுங்கள். இரண்டு கணக்கும் ஒன்றாக இருந்தால்தான் கணக்கு.

எண்ணி முடித்ததும் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். நான் சொல்வது, அங்கேயே ஒரு பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். நலமாக இருக்கும் மாடு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகினால்தான் நலமில்லாதது தனியாகத் தெரியும். படுத்து அசைபோடுகிறதா, நல்லது. எழுந்ததும் முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தால் இன்னும் நல்லது. நாலு அடி நடக்கவிட்டுப் பாருங்கள், நொண்டும் மாடு ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டும், வலி இருந்தால் முதுகு கூனும். இடது பக்கம் விலா எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் மத்தளம் மாதிரி உப்பியிருந்தால் வயிறு உப்புசம், அப்போதே போன் செய்யுங்கள். மூத்திரம் சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ போனாலும் அப்போதே. உண்ணி கடித்து வரும் அந்த நோய்க்கு இங்கே ரெட்வாட்டர் என்று பெயர், சாயங்காலம் வரை பொறுக்காது. கழிச்சல், மூக்குச்சளி, கழுத்துப்பட்டை உரசிய புண், மடியில் ஈ மொய்ப்பது இதெல்லாம் அன்றைக்குள் சொன்னால் போதும்.

கண் நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதில்தான் நான் கோட்டை விட்டேன். முதல் கோடை, ஜூலை. ஒரு கிடேரி கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பிர்ச் நிழலில், வெயிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. இடது கண்ணிலிருந்து கன்னம் வரை ஈரக்கோடு, அதில் ஈ. ஏதோ புல் குத்தியிருக்கும், நாளைக்கு வருகிறவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து 'எல்லாம் நலம்' என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் வந்தவர் எடுத்த போட்டோவில் கருவிழி நடுவில் பால் விட்ட மாதிரி வெள்ளை. நியூ ஃபாரஸ்ட் ஐ என்கிறார்கள், பாக்டீரியாவால் வருவது, ஈ ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குக் கொண்டுபோகும். மருத்துவர் வந்து ஆன்டிபயாடிக் போட்டுக் கண் பிழைத்தது, ஆனால் அதற்குள் இன்னும் இரண்டுக்கு வந்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு கண் மட்டும் ஒழுகினால் போட்டோ எடுத்து உடனே அனுப்புங்கள், காது வில்லையின் கடைசி எண்களோடு. இரண்டு காதிலும் ஒரே எண்தான் இருக்கும், பைனாகுலரில் படிக்கலாம்.

கிட்டே போவதாக இருந்தால் நேர் பின்னால் போகாதீர்கள், அங்கே அதற்குக் கண் தெரியாது. பக்கவாட்டில், ஏதாவது பேசிக்கொண்டே போங்கள். நான் தமிழில்தான் பேசுவேன், ஆட்சேபணை வந்ததில்லை. தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அந்த இடத்தோடு நின்றுவிடுங்கள். கன்றும் தாயும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒருபோதும் போகக் கூடாது.

திரும்பும் வழியில் தண்ணீர்த் தொட்டி. பெரிய மாடு கோடையில் ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டர் சர்வசாதாரணமாகக் குடிக்கும். மிதவையைக் கையால் அமுக்கினால் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், குளிர்காலத்தில் பனிக்கட்டியை உடையுங்கள். செத்த காக்கை கிடந்தால் எடுத்துப் போடத்தான் வேண்டும், கையுறை கொண்டுபோங்கள். கேட்டை மூடித் தாழ் போட்டுவிட்டு, ஒரு தடவை இழுத்தும் பாருங்கள்.

நடக்க வருகிறவர்களிடம் பேசுவதும் இந்த வேலையில் சேர்த்திதான். நாயைக் கயிற்றில் பிடித்து வரச் சொல்லுங்கள், ஆனால் மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், மாடு பாய்வது நாய் மேல், அது ஓடித் தப்பிவிடும். நாய் மலத்தை அள்ளச் சொல்வதற்கும் காரணம் உண்டு, அதிலிருக்கும் நியோஸ்போரா கிருமி புல்லோடு போனால் சினை மாட்டுக்குக் கரு கலையும். இதைச் சொன்னால் பெரும்பாலோர் கேட்கிறார்கள், 'விதி' என்று சொன்னால் முறைக்கிறார்கள். யாராவது பார்பெக்யூ அடுப்பு வைத்திருந்தால் மட்டும் தயவுதாட்சண்யம் வேண்டாம். 2020 மே கடைசியில் சர்ரேயில் தர்ஸ்லி காமன் என்ற ஹீத்தில் தீ பரவி எவ்வளவு எரிந்தது என்பதை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்கவில்லை.

அந்தப் பதினொன்றாவது மாட்டுக்கு வருவோம். மாடு கூட்டமாக இருக்கும் பிராணி, ஒன்று தனியே போயிருந்தால் ஏதோ காரணம் இருக்கும். முதலில் கூட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள், பல தடவை அந்தத் திசையில்தான் நிற்கும். அடுத்து நேற்றுப் படுத்திருந்த இடம், அப்புறம் பள்ளம், சேறு, முள்புதர் ஓரம். அரை மணி நேரம் தேடியும் இல்லையென்றால் பொறுப்பாளரைக் கூப்பிட்டுவிடுங்கள், நீங்களாக ஒரு நாள் முழுக்கத் தேட வேண்டாம். சாலையில் நிற்கிறது என்றால் முதலில் 999 (இங்கே போலீஸ் அவசர எண்), பிறகுதான் பொறுப்பாளர்.

குழுவுக்கு அனுப்பும் செய்தி சின்னதாக இருக்கட்டும், ஆனால் 'ஓகே' மட்டும் போதாது. நான் போன வாரம் அனுப்பியது: "காலை 7.40. 11/11. வடக்கு மேடு, எல்லாம் எழுந்து நடந்தன. 214 வலது பின்னங்காலைச் சற்றே தூக்கி வைக்கிறது, வீடியோ கீழே. தொட்டி நிறைய. தெற்குக் கேட் தாழ் தளர்வு, கயிறு கட்டியிருக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் சோபாவில் உட்காராதீர்கள். முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியாலோ கூர்முனை இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து எடுக்க வேண்டும், எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி காட்டுவது எல்லாம் கூடாது. கடித்த இடத்தைச் சுற்றிச் சில வாரங்களில் சிவப்பு வட்டம் பரவினால் லைம் நோயாக இருக்கலாம், டாக்டரிடம் போய் ஹீத்தில் மாடு பார்க்கிறவன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.