வேல்ஸ் கடலோரம் தனியா சைக்கிள்ல ஒரு நாள்

மொதல்ல ஒரு விஷயம், 2012ல தெறந்த 1400 கிலோமீட்டர் வேல்ஸ் கோஸ்ட் பாத் நடக்குறவங்களுக்கானது, முக்கால்வாசி எடத்துல சைக்கிள் விட முடியாது. அதனால சைக்கிளுக்குன்னே போர்டு வெச்சு காட்டுற வழியான நேஷனல் சைக்கிள் ரூட் 4 புடிங்க. நீல போர்டுல சிவப்பு கட்டத்துக்குள்ள 4னு இருக்கும்.

வேல்ஸோட மேற்கு ஓரத்துல இருக்குற ஃபிஷ்கார்ட் ஊர் வரைக்கும் ட்ரெய்ன்ல போயிட்டு (சைக்கிளுக்கு எடம் முன்னாடியே புக் பண்ணிடுங்க) அங்கேர்ந்து செயின்ட் டேவிட்ஸ் வரைக்கும் மிதிச்சா ஒரு நாளைக்கு போதும். தூரம் கம்மியா தெரியும், ஆனா ஒவ்வொரு சின்ன விரிகுடாவுக்கும் சர்ருனு எறங்கி மறுபடி மூச்சு வாங்க ஏறணும், போதாக்குறைக்கு அங்க காத்து பெரும்பாலும் தென்மேற்குலேர்ந்து வரும், நீங்க போறதும் அதே தெசை, அதாவது மூஞ்சிலயே அடிக்கும். விடியக்காலைல கெளம்பிடுங்க. ஏத்தத்துல எறங்கி தள்ளுறதுல வெக்கமே வேணாம், நான் தள்ளாத நாளே இல்ல. லோ கியர் இல்லாத சைக்கிள்னா லோடு கட்டவே கட்டாதீங்க.

சந்து மாதிரி ரோடு, ரெண்டு பக்கமும் ஆளுயர வேலி, வளைவுல ட்ராக்டர் திடீர்னு வரும், பகல்லயும் லைட் போடுங்க. வழில அபெரெய்தி பக்கம் ஒதுங்கினா பழைய ஸ்லேட் குவாரில கடல் புகுந்து உண்டான ப்ளூ லகூன் பாக்கலாம்.

ராத்திரி கண்ட எடத்துல டெண்ட் போடாதீங்க, நெலத்துக்காரர்கிட்ட கேக்காம தங்குறதுக்கு உரிமை கெடையாது. கேம்ப்சைட்ல வேலியோரமா, டெண்ட்டோட குறுகின பக்கம் காத்தப் பாத்து இருக்குற மாதிரி அடிங்க. காஞ்ச சாக்ஸ் ஒரு ஜோடி ப்ளாஸ்டிக் கவர்ல தனியா.