சீமைக் கருவேலத்தைத் தூரோடு அகற்றுவது எப்படி?

எங்கள் தரிசு நிலத்தைச் சீமைக் கருவேலத்திடமிருந்து மீட்ட முறையை, முதன்முறையாக இந்த வேலையில் இறங்குவோருக்காக இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: மரத்தை அடையாளம் காணுதல்

முள் இருக்கிறது என்பதற்காக வெட்டிவிடக் கூடாது. நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும். காய் மணிகளைக் கோத்ததுபோல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக் கருவேலின் பூங்கொத்தோ விரல்போல் நீண்டு தொங்கும். நெற்று வெளிர் மஞ்சளாக, இடுக்கமின்றி நீண்டிருக்கும். வன்னிதான் அதிகம் குழப்பும், அதற்கும் பூ நீண்ட கதிர்தான். ஆகவே ஒரு சிறு கிளையை எடுத்து முள்ளைப் பாருங்கள்: சீமைக் கருவேலில் நீண்ட முட்கள் கணுக்களில் மட்டும், பெரும்பாலும் இணையாக இருக்கும், வன்னியில் குட்டையான கூம்பு முட்கள் கணுக்களுக்கு இடையிலும் சிதறியிருக்கும். வன்னியை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: காலம்

நெற்று முற்றி உதிர்வதற்கு முன் வெட்டுங்கள். இனிப்பான நெற்றை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். கடினமான விதைகளில் பல செரிக்காமல், முளைக்கும் தகுதியோடு சாணத்தில் வெளியேறும்.

மூன்றாம் படி: தூரை எடுத்தல்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். தரைமட்டத்தில் வெட்டினால் மரம் சாகாது; ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் புதராக எழும். வேரும் தண்டும் சேரும் பகுதியில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, உறங்கு மொட்டுகள் இருப்பதே இதற்குக் காரணம். எனவே அடிமரத்தைச் சுற்றி மண்ணைப் பறித்து, பக்கவேர்களை அறுத்து, ஏறத்தாழ ஓர் அடி ஆழத்தில் ஆணிவேரைத் துண்டித்து, மொட்டுகள் உள்ள அந்தப் பகுதி முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். அதற்குக் கீழே மண்ணில் தங்கும் வேர் பொதுவாகத் துளிர்க்காது.

கைத்தடிமன் வரையுள்ள மரங்களுக்குக் கடப்பாரையும் கோடரியும் போதும் என்பதே என் கருத்து. பெரிய மரத்துக்குப் பொக்லைன் தேவைப்படும். ஆனால் ஓட்டுநர் மரத்தைச் சாய்த்துத் தள்ளாமல், சுற்றிலும் தோண்டித் தூக்க வேண்டும். தள்ளினால் அடிமரம் முறிந்து தூர் உள்ளேயே நின்றுவிடும். முள் மெல்லிய செருப்பை எளிதில் துளைக்கும் என்பதால் தடித்த அடிப்பாகமுள்ள காலணி அவசியம்.

நான்காம் படி: நாற்றுகளைப் பிடுங்குதல்

மண்ணில் தங்கிய விதைகள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னரும் ஈரம் காயும் முன் நிலத்தைச் சுற்றிவந்து, நாற்றுகளை வேரோடு பிடுங்குங்கள்.

பிற்சேர்க்கை: தூரைத் தோண்டாமல் தீ வைத்தால் போதாதா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். மேலே கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் மொட்டுகள் தப்பிவிடுவதால் மரம் மீண்டும் தழையும். அடிக்கட்டையில் உப்பைக் கொட்டுவதையும் நான் ஏற்பதில்லை. அது அடுத்து விதைக்கப்போகும் பயிருக்கான மண்ணைக் கெடுக்கும். தோண்டிய குழிகளை உடனே மூடி, அடுத்த மழைக்கே அந்த இடத்தில் தீவனப்புல்லோ பயிரோ விதைத்துவிட்டால், வெயிலை நாடும் கருவேல நாற்றுகளுக்கு அங்கே இடம் குறையும்.