ஏலமலையில் மரவீடு கட்ட இடம் பார்ப்பது எப்படி

இடம் பார்க்க டிசம்பர், ஜனவரியில் வராதீர்கள். ஐப்பசி மழை ஓய்ந்து ஓடையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், வானம் வெளுத்திருக்கும், ஆனையிறங்கல் அணையில் தண்ணீர் தளும்பும். அந்த இரண்டு மாதத்தில் எந்தத் தரிசைக் காட்டினாலும் மனசுக்குப் பிடித்துவிடும். புரோக்கர்களுக்கு அது தெரியும். கிறிஸ்துமஸ் லீவில்தான் போன் மேல் போன் போடுவார்கள். கொட்டுகிற ஜூலையில் ஒரு தடவை, காய்கிற ஏப்ரலில் ஒரு தடவை வந்து பாருங்கள். இரண்டு தடவையும் பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

நான் கேரளத்து இடுக்கி மாவட்டம் பூப்பாறையில் மரவேலை பார்க்கிறேன். அப்பா ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் கட்டுவதற்காகப் போடியிலிருந்து மலையேறி வந்த ஆசாரி. ஸ்டோர் வேலை இப்போது குறைந்துபோய், மதுரை, திருப்பூர், கோவையிலிருந்து வருகிறவர்களுக்கு மரவீடு கட்டித் தருவதுதான் பிழைப்பு. பாதிப்பேர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். நார்வேயோ ஃபின்லாந்தோ, உருண்டைக் கட்டைகளை மூலையில் வெட்டுப்போட்டுக் கோத்து அடுக்கின வீடு, பின்னால் ஏரி. அழகுதான். ஆனால் அது குளிரைத் தாங்கக் கட்டின வீடு. நம் மலையில் மரத்தைக் கொல்வது தண்ணீர். மேலேயிருந்து இறங்குகிற தண்ணீர், கட்டையில் ஊறுகிற தண்ணீர். இது போக, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற வீடுகளும் இங்கே உண்டு. இடம் பார்ப்பது என்றால் எனக்கு முதலில் தண்ணீர்க் கணக்குத்தான்.

முதலில் சரிவு. அதை அளக்க எஞ்சினியர் வேண்டாம். பத்தடி ரீப்பர் (நீள மரச்சட்டம்) ஒன்று, ரசமட்டம் ஒன்று, டேப் ஒன்று போதும். ரீப்பரின் ஒரு முனையை மேட்டுப்பக்கத் தரையில் வையுங்கள். மறுமுனையைப் பள்ளத்துப் பக்கம் நீட்டி, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறவரை தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த முனையிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று டேப்பில் பாருங்கள். இரண்டடி வந்தால் சுமார் 11 டிகிரி சரிவு. இருபதடி அகல வீட்டுக்குக் கீழ்வரிசைத் தூண்கள் மேல்வரிசையைவிட நாலடி உயரமாக வரும், சுகமான வேலை. மூன்றடி எட்டங்குலம் வந்தால் 20 டிகிரி. அதற்கு மேல் போனால் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள், வீடு வரப்போகிற நீளம் முழுக்க நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள்.

மரவீட்டின் பெரிய லாபமே மலையை வெட்டாமல் தூண் மேல் நிறுத்தலாம் என்பதுதான். ஆனால் விற்கிறவர்கள் ஏற்கெனவே ஜேசிபியை விட்டுத் தட்டு வெட்டி, ‘ரெடி பிளாட்’ என்று காட்டுவார்கள். அந்தத் தட்டில் உள்பக்கப் பாதிதான் சொந்த மண். வெளிப்பக்கப் பாதி வெட்டின மண்ணைத் தள்ளி நிரப்பினது. ஒரு கடப்பாரையை எடுத்து உள்ளோரத்தில் ஓங்கிக் குத்துங்கள், இரண்டு மூன்று அங்குலத்தில் ‘ணங்’ என்று நிற்கும். அப்படியே நாலடிக்கு ஒரு குத்தாக வெளியே நகர்ந்து வாருங்கள். ஓரிடத்தில் கடப்பாரை அடி ஆழத்துக்கு ‘சொதக்’ என்று இறங்கும். அங்கிருந்து ஓரம் வரைக்கும் நிரப்பு மண். சந்தேகம் இருந்தால் குழி எடுத்துப் பாருங்கள். செம்மண்ணுக்கு அடியில் கறுப்பாக, பழைய வேரும் சருகுமாக ஒரு வரி தெரிந்தால் அதுதான் மலையின் பழைய தோல், மேலே இருப்பதெல்லாம் வந்தேறி. திருப்பூர்க்காரர் ஒருவர், “அண்ணே, ரெண்டு வருஷமா கெடக்குது, இறுகியிருக்கும்ல?” என்று கேட்டார். இரண்டு மழை தாங்கினது வெறும் மண். அதன் மேல் வீட்டுப் பாரத்தை ஏற்றினால் கணக்கு வேறு. உள்பக்கம் வெட்டின சுவரும் அப்படித்தான், கால் போன மலை மழையில் எப்போது உட்காரும் என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் இருபது சென்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். நின்று மேலே பாருங்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவில் குடைந்த மாதிரி இறங்குகிற இடமா? மலையின் மொத்தத் தண்ணீரும் அந்த வழியாகத்தான் வரும், உருள்பொட்டலும் (நிலச்சரிவு) அந்த வழியாகத்தான் வரும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் மேலே மலை உடைந்து இறங்கி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. எழுபது உயிர் போனது, பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் நிலச்சரிவு. அங்கேயும் கீழே தூங்கினவர்களுக்கு ஆபத்து வெகுதூரம் மேலேயிருந்துதான் வந்தது. ஏலத்தோட்டத்துக்குள் பாசி பிடித்த பெரிய பாறைகள் சிதறிக் கிடந்தால், அவை எங்கிருந்து வந்தன என்று யோசியுங்கள். மரங்கள் அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தால் அந்த மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. மேட்டில் நீளமான வெடிப்பு, தரையில் திடீர்ப் பொந்து, மழைக்குப் பிறகு புதிதாகக் கலங்கல் ஊற்று, இதில் எது இருந்தாலும் திரும்பிவிடுங்கள். அப்புறம் பக்கத்து டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, “2018 மழையில இங்க எங்கெங்க மண் இறங்குச்சு?” என்று கேளுங்கள். வயசானவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். புரோக்கர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பது நல்லது.

சரி, குடைவு வேண்டாம் என்றால் முதுகு மாதிரி எழும்பின மேடு நல்லதா? மண்ணுக்கு நல்லது, கூரைக்கு ஆகாது. ராமக்கல்மேட்டில் சும்மாவா காற்றாலை நட்டிருக்கிறார்கள்? ஜூன், ஜூலையில் மேல்காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, கிழக்கு முகமாக இருப்பதைத்தான் நான் தேடுவேன். காலை ஒன்பது மணிக்குள் வெயில் விழவேண்டும். ராத்திரி மூடுபனியில் நனைந்த மரம் மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டால் பல வருஷம் நிற்கும், காயாவிட்டால் எந்த எண்ணெய் அடித்தாலும் பூஞ்சைதான். இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. அங்கே நிற்கிற மரத்தைச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பாசி என்றால் பரவாயில்லை. நாலு பக்கமும் பச்சைப்பசேல் என்றால் அது கான்கிரீட் வீட்டுக்கான இடம். சோலைக்காட்டை ஒட்டின இடமும் அப்படியே. பள்ளத்தாக்கின் அடிமட்டமும் வேண்டாம். குளிர்காற்று அங்கேதான் வந்து தேங்கும். ஜனவரியில் மூணாறுப் பக்கம் செண்டுவரை, லட்சுமி எஸ்டேட்டுகளில் புல் வெள்ளையாக உறைவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறையூர், காந்தளூர் மழைமறைவுப் பகுதி, மரத்துக்கு அனுகூலம். அங்கே கரையானுக்கு மட்டும் கூடுதலாகப் பயப்படவேண்டும். எங்கே கட்டினாலும் அடிக்கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி, கூரையின் ஓரம் சுவரிலிருந்து மூன்றடி வெளியே. அதற்கும் சேர்த்து இடம் இருக்கிறதா என்று எல்லைக்கல்லிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

குடிதண்ணீருக்குத்தான் ஏப்ரல் பயணம். ஊற்றில் ஓஸைப் பிடித்து ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து நேரம் பாருங்கள். இரண்டு நிமிஷத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 720 லிட்டர். டேங்க் கட்டிப் பிடித்தால் நாலு பேர் குடும்பத்துக்குப் போதும். அந்த ஊற்று யார் பட்டயத்தில் (இங்கே பட்டாவுக்குப் பட்டயம் என்று பேர்) இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இன்றைக்குச் சும்மா ஓஸ் போடச் சொல்கிறவர் நாளைக்கு அந்தத் தோட்டத்தையே விற்றுவிடுவார். எழுதி வாங்குங்கள். மேலே யூகலிப்டஸ் தோப்பு இருந்தால் தண்ணீரை அது குடித்துவிடும், ஊற்றை நம்ப வேண்டாம், வட்டவடைக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இனி ஏரிக்கரை ஆசை. இங்கே ஏரி என்று காட்டுவதெல்லாம் பெரும்பாலும் அணைத் தண்ணீர். ஜனவரியில் காலடியில் அலை அடித்த இடம் மே மாதம் வெடித்த சேறாகக் கிடக்கும், தண்ணீர் எங்கோ தள்ளி இருக்கும். அணைக்கரை நிலத்துக்குத் தனித் தலைவலியும் உண்டு. இடுக்கியில் ‘பத்துச்செயின்’ என்று சொன்னாலே எல்லாருக்கும் புரியும். நீர்ப்பிடிப்பின் ஓரத்திலிருந்து பத்து செயின், அதாவது 660 அடிக்குள் இருக்கிற நிலத்துக்குப் பட்டயம் கிடைக்காமல் குடியேற்றக்காரர்கள் வருஷக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். தேக்கடி ஏரியைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அது புலிகள் சரணாலயம். அணைக்குக் கீழே ஆற்றோரம் இன்னும் மோசம். 2018 ஆகஸ்டில் இடுக்கியின் செறுதோணி அணை ஷட்டரை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்தபோது கரையில் இருந்த கடையும் வீடும் என்ன ஆனது என்று ஊரே பார்த்தது. தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று ஒரு மேடு தள்ளி வாங்குங்கள்.

ஆனையிறங்கல் என்ற பேரிலேயே ஆனை இருக்கிறது. அரிக்கொம்பன் என்கிற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்துக்கொண்டு போனார்கள், மற்ற யானைகள் இங்கேதான் சுற்றுகின்றன. பன்னியாரில் ரேஷன் கடையையே அவன் உடைத்திருக்கிறான், அரிசி வாசம் அப்படி. பலகைச் சுவர் எல்லாம் அதற்கு ஒரு தடையா? மதிகெட்டான் சோலைக்கும் அணைக்கும் நடுவில் நிலம் பார்த்தால், காய்ந்த லத்தி, சேற்றில் உரசின மரம், ஓரிடத்தில் மட்டும் அமுங்கின வேலி இருக்கிறதா என்று கவனியுங்கள். தடத்தின் மேல் வீடு கட்டினால் எந்த மின்வேலியும் நிரந்தரமாக உதவாது.

காகிதம் பக்கம் நான் ஆசாரிதான், வக்கீல் இல்லை. ஆனாலும் நான் பார்க்காமல் உளி எடுக்கிறதில்லை. பட்டயம் எந்தச் சட்டத்தில் கொடுத்தது? 1964 பூமி பதிவு விதிப்படி கொடுத்தது என்றால் விவசாயத்துக்கும் குடியிருக்க வீட்டுக்கும் கொடுத்தது. வாடகைக்கு விடுகிற எண்ணம் இருந்தால் பூமி பதிவுச் சட்டத்துக்கு 2023-ல் கேரளச் சட்டசபை கொண்டுவந்த திருத்தத்தையும் அதன் விதிகளையும் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஏலக்காய் பயிரிடக் குத்தகைக்கு விட்ட ஏலக்குத்தகை நிலத்தில் வீடு கட்ட முடியாது. ஏலமலைக் காப்புக்காட்டு நிலத்தில் புதுப் பட்டயம் கொடுப்பதை 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தது, ‘பட்டயம் வந்துடும்’ என்கிற பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சின்னக்கானல், பள்ளிவாசல், சாந்தன்பாறை, பைசன்வேலி உள்பட மூணாறைச் சுற்றின பல வில்லேஜ்களில் கட்டடத்துக்கு ரெவன்யூ என்ஓசி (வருவாய்த்துறையின் தடையில்லாச் சான்று) கேட்பார்கள். 2007-ல் மூணாறில் ரிசார்ட்டுகளை இடித்தது ஞாபகம் இருக்கும்தானே. வட்டவடை, கொட்டாக்கம்பூர் பக்கம் என்றால் 2006-ல் அறிவித்த குறிஞ்சிமலைச் சரணாலயத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். முதுவான் ஆதிவாசிகளின் குடியிருப்புக்குள் இருக்கிற நிலத்தைத் தொடவே வேண்டாம், ஆதிவாசி நிலத்தைக் கைமாற்றச் சட்டம் தடுக்கிறது. வில்லேஜ் ஆபீசில் தண்டப்பேர் (நில உரிமையாளர் கணக்கு), இந்த வருஷக் கரம் (நிலவரி) ரசீது, பிடிஆர் (அடிப்படை வரிப் பதிவேடு) மூன்றும் ஒத்துப்போகவேண்டும். அதில் நிலம் என்று எழுதியிருந்தால் வயல் கணக்கு, வீட்டுக்கு ஆகாது. புரயிடம் (வயல் அல்லாத மேட்டு நிலம்) என்று இருக்கவேண்டும். எல்லாம் மலையாளத்தில்தான் இருக்கும். படிக்கத் தெரிந்த உங்கள் ஆளைக் கூட்டிப்போங்கள், விற்கிறவர் ஆளை வைத்துப் படிக்க வேண்டாம்.

பாதை. கட்டை ஏற்றின லாரி போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிடும். கடைசி ஒரு கிலோமீட்டர் ஜீப் பாதைதான் நிறுத்தும். அங்கே திரும்ப இடமில்லை என்றால் இருபதடிக் கட்டையைப் பத்தடியாக அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோகவேண்டும், செலவு எகிறும். பாதையின் அகலம் ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்தில்) எழுதியிருக்கட்டும். மழை ராத்திரியில் நெஞ்சுவலி என்றால் எந்த வழியாகத் தேனி மெடிக்கல் காலேஜுக்குப் போவது என்பதையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். 2019, 2020-ல் மூணாறிலிருந்து பூப்பாறை வருகிற கேப் ரோடு மண் விழுந்து மூடிக் கிடந்தது.

அட்வான்ஸ் கொடுக்கும்போது, பஞ்சாயத்து பெர்மிட்டோ ரெவன்யூ என்ஓசியோ கிடைக்காவிட்டால் பணம் முழுசாகத் திரும்பத் தரவேண்டும் என்று அக்ரிமெண்டில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகுதான் மீதி.