ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு: எழுத்தும் எண்ணும் பழக்கும் நான்கு விளையாட்டுகள்

வகுப்பறை விளையாட்டு எதுவானாலும் அதற்கு ஒரே ஒரு குறி இருக்க வேண்டும். "இன்று கொகரமும் கோகாரமும் காதில் பிரிந்து கேட்க வேண்டும்" என்பது குறி. "இன்று எழுத்து விளையாட்டு" என்பது குறி அல்ல. குறி தெளிவாக இருந்தால்தான் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கண்ணில் படும். 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. கீழே உள்ளவற்றை மூன்று நிலைக்கும் ஒரே அறையில் நடத்தலாம். பொருள் ஒன்றே, கொடுக்கும் சொல்லும் எண்ணும்தான் மாறும்.

கொம்பும் காலும்

தேவை: 6 செ.மீ சதுர அட்டைகள். ஒரு தொகுப்புக்கு 22: க் முதல் ன் வரை 18 எழுத்துகளைப் புள்ளியில்லாமல் (க, ங, ச...) கறுப்பில் எழுதுங்கள். ஒற்றைக்கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே), ஐகாரக் கொம்பு (ை), துணைக்கால் (ா) நான்கையும் சிவப்பில் எழுதுங்கள். நிறம் மாறுவது அவசியம். ஒரே நிறத்தில் இருந்தால் துணைக்காலையும் ரகரத்தையும் பிள்ளைகள் மாற்றி வைப்பார்கள். 56 × 71 செ.மீ சார்ட்டில் 99 அட்டை வரும். 24 பிள்ளைகளை நால்வராகப் பிரித்தால் 6 தொகுப்பு, 132 அட்டை. இரண்டு சார்ட் போதும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இன்னும் உறுதியாக இருக்கும்.

அட்டையைத் தொடும் முன் காது வேலை. கொடி–கோடி, தொடு–தோடு, பெட்டி–பேட்டி, கொட்டை–கோட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். குறிலுக்கு ஒரு கைதட்டல், நெடிலுக்குக் கைகளை விரிக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். இதை விட்டுவிட்டு நேரே அட்டைக்குப் போனால், ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்பது பிள்ளைக்கு வெறும் ஊகமாகிவிடும். காதில் பிரியாதது கையில் பிரியாது.

பிறகு "மே" என்று சொல்லுங்கள், குழு அட்டையை அடுக்கட்டும். பெரும்பாலான பிழை இங்கேதான்: பிள்ளை மகரத்தை வைத்து, கொம்பை அதற்கு வலப்புறம் வைக்கும். காரணம் சோம்பல் அல்ல. காதுக்கு ம் முதலில், ஏ பிறகு. கண்ணுக்கோ கொம்பு முதலில் வருகிறது. ஆகவே அடுக்கும்போது எழுத்தை நடுவில் வைக்கச் சொல்லி, பிறகு கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு நாள் இப்படிப் பழகிய பின்பு, சிலேட்டில் கொம்பிலிருந்து எழுத வையுங்கள். மோ வரும்போது இருபக்கமும் அணைக்க வேண்டும். "ஒகர ஓகாரத்துக்கு இரண்டு கை" என்று சொல்லிக்கொடுத்தால் நினைவில் நிற்கும்.

உகர, ஊகார வரிசையை இந்த அட்டையில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குத் தனிக் குறி ஒட்டுவதில்லை, எழுத்தின் வடிவமே மாறுகிறது. அதற்கு வேறு விளையாட்டு: 18 உகர எழுத்துகளையும் கலைத்துப் போட்டு, வடிவம் ஒத்தவற்றைக் குடும்பமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நேர்கோடு கீழே இறங்கும் ஙு, சு, பு, யு, வு ஒரு வீடு. வளைந்து சுழியும் கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு வீடு. வலப்புறம் மேலேறும் ஞு, ணு, து, நு, லு, று, னு ஒரு வீடு. பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொன்னால் விளையாட்டு மனப்பாடமாகிவிடும்.

அடுக்கு எண்கள்

"முன்னூற்று நாற்பத்தைந்து" என்றால் 300405 என்று எழுதும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது. மூன்று எண்ணும் ஒன்றன்மேல் ஒன்று அமர்வதைத்தான் காணவில்லை. காட்டிவிட்டால் சரியாகிவிடும்.

ஒன்று முதல் ஒன்பதுக்கு 5 செ.மீ அகலம், 10 முதல் 90-க்கு 10 செ.மீ, 100 முதல் 900-க்கு 15 செ.மீ. மொத்தம் 27 அட்டை. ஒவ்வோர் இலக்கமும் தன் 5 செ.மீ இடத்தின் நடுவில் இருக்கட்டும். எல்லா அட்டையின் வலது ஓரத்திலும் சிவப்புக் கோடு போடுங்கள். 300-இன் மேல் 40, அதன் மேல் 5. சிவப்புக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும், 345 தெரியும். கோடு இல்லாத அட்டையில் 300-உம் 5-உம் எடுத்த பிள்ளை ஐந்தை இடது ஓரத்தில் வைத்து 500 என்று வாசிக்கும்.

கூடவே ஈர்க்குச்சிக் கட்டுகள் வேண்டும். 12 செ.மீ நீளத்துக்கு நறுக்கி, கூர்முனையை வெட்டிவிடுங்கள். இருவருக்கு 99 குச்சி. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடுவதைப் பிள்ளைகளே செய்யட்டும். ஆசிரியர் கட்டிக் கொடுத்தால் கட்டை "ஒன்று" என்று எண்ணுவார்கள். 43 – 17 வரும்போது ஒரு கட்டை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். கடன் வாங்குதல் என்பது இந்த அவிழ்ப்புத்தான்.

தமிழ் எண்ணுப்பெயரில் ஒரு மேடு இருக்கிறது, அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். ஒன்பதில் "பது" ஒலிக்கிறது, தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம். "தொண்ணூற்றைந்து" கேட்டதும் பிள்ளை 100 அட்டையை எடுப்பது இதனால்தான். கண்டிக்க வேண்டாம். பத்து, இருபது, முப்பது என்று சொல்லிக்கொண்டே கட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வையுங்கள். தொண்ணூறில் நிறுத்தி, எத்தனை கட்டு என்று கேளுங்கள். ஒன்பது கட்டைக் கண்ணால் பார்த்த பிறகு 90 அட்டைக்குக் கை தானாகப் போகும்.

பல்லாங்குழி

இரண்டு வரிசையில் ஏழேழு, 14 குழி. பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸ் வட்டம். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஆடும் முன் மொத்தம் எத்தனை வேண்டும் என்று கணக்கிட்டு 70 எடுத்து வரச் சொல்லுங்கள், வாய்பாடு அங்கேயே வேலை செய்யும். கொட்டையை அள்ளியதும், கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று விரலால் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். வகுத்தலுக்கு 26 கொட்டையை 6 குழியில் சமமாகப் பங்கிடட்டும்; கையில் மிஞ்சும் இரண்டுதான் மீதி.

சீட்டுக் கடை

பிஸ்கட் உறை, சோப்பு அட்டை, காலி டப்பா. விலை 2 முதல் 40 ரூபாய் வரை எழுதி ஒட்டுங்கள். வாங்குபவர் பேசக் கூடாது, நான்கு பொருள் எழுதிய சீட்டை நீட்ட வேண்டும். இந்த விதியைத் தளர்த்தினால் யாரும் வாசிக்க மாட்டார்கள், வாயால் கேட்டு முடித்துவிடுவார்கள். கடைக்காரர் சீட்டை வாசித்துப் பொருளை எடுத்து, விலையை எழுதிக் கூட்டுவார். மொட்டு நிலைக்கு இரண்டு பொருள், அரும்புக்குப் படமும் பெயரும் சேர்ந்த சீட்டு.

சில்லறை கொடுப்பதில் கழித்தல் கணக்கு வேண்டாம். 37 ரூபாய்க்கு 50 கொடுத்தால், மளிகைக் கடையில் செய்வதுபோல் மேலே எண்ணட்டும்: மூன்று வைத்தால் நாற்பது, பத்து வைத்தால் ஐம்பது. பதின்மூன்று கையில் வந்துவிடும்.

எந்த விளையாட்டும் 25 நிமிடத்தைத் தாண்டினால் சத்தம் மட்டுமே மிஞ்சும். கடைசி இரண்டு நிமிடம் சிலேட்டில் மூன்றே கேள்வி: அன்றைய குறியிலிருந்து இரண்டு, முந்தின நாளிலிருந்து ஒன்று. சிலேட்டைத் தூக்கிக் காட்டும்போது பெயரைக் குறிக்காதீர்கள், பிழையைக் குறியுங்கள்: "கொம்பு வலப்புறம் – 5 பேர்", "தொண்ணூறு – 3 பேர்". மறுநாள் அதே பிழை செய்பவர்களை ஒரே குழுவில் உட்கார வைத்து, அவர்கள் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.