ரத்த வாயு பரிசோதனை: சிரையா, தமனியா?

அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், யார் மூச்சுவாங்கிக்கொண்டு வந்தாலும் ரத்த வாயு பரிசோதனைக்காக (ரத்தத்தின் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, அமிலத்தன்மையைப் பார்ப்பது) தமனி ரத்தம் எடுக்க உடனே மணிக்கட்டில் நாடி தேடுகிறார்கள். தமனியில் குத்தினால் வலி அதிகம். ரத்தம் கட்டலாம், அரிதாகத் தமனியே அடைபடலாம். பலருக்கு அந்த வலி தேவையே இல்லை.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

ஆக்சிஜன்தான் கேள்வி என்றால் சிரை ரத்தம் உதவாது. திசுக்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதே அதில் இருக்கும்: அதன் அழுத்தம் சுமார் 40 மி.மீ. பாதரசம். தமனியில் 80 முதல் 100. பெரும்பாலும் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரே போதும். கை சில்லிட்டுக் கருவியில் அலை சரியாக விழாவிட்டால் தமனிக்குப் போங்கள். அமிலத்தன்மையை அறிய சிரை போதும்.

படி 2: ரத்தம் எடுத்தல்

ரத்தம் எடுக்கக் கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் விடாதீர்கள், லாக்டேட் (ஆக்சிஜன் போதாதபோது திசுக்களில் சேரும் பொருள்) ஏறக்கூடும். ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) உள்ள சிரிஞ்சில் எடுத்து, காற்றுக் குமிழை வெளியேற்றி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலந்து, உடனே கருவிக்கு அனுப்புங்கள். சிரிஞ்சுக்குள்ளும் ரத்த அணுக்கள் குளுக்கோஸை எரித்துக்கொண்டேதான் இருக்கும்.

படி 3: எண்களைப் படித்தல்

தமனியைவிடச் சிரையில் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, அமிலம் கூடினால் இது குறையும்) 0.03 அளவு குறைவாகவும், பைகார்பனேட் (அமிலத்தைச் சமன்செய்யும் பொருள்) ஏறக்குறைய 1 கூடுதலாகவும் இருக்கும். சர்க்கரை நோயாளி கீட்டோ அமிலத்தேக்கத்தோடு (இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாகும் நிலை) வருகிறார், சிரை பிஎச் 7.10 என்று வைத்துக்கொள்வோம். தமனியில் 7.13 இருக்கலாம். சிகிச்சை மாறப்போவதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டிய நோய் இது. ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் குத்துவது அவருக்குச் செய்யும் கொடுமை என்றே நினைக்கிறேன்.

தடுமாற்றம் கார்பன் டை ஆக்சைடில்தான். சிரையில் சராசரியாக 5 மி.மீ. கூடுதல் என்பார்கள். அதற்காக 5-ஐக் கழித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சராசரிதான் 5, ஆளுக்கு ஆள் 10-க்கு மேலும் விலகும். எனவே ஒரு பக்கமாக மட்டும் நம்புங்கள்: சிரையில் 45-க்குக் கீழே இருந்தால் தமனியில் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. 45-க்கு மேல் என்றால், துல்லியமான எண்ணை வைத்து வென்டிலேட்டர் முடிவு எடுக்க வேண்டிய நிலையில், தமனியில் எடுத்தே ஆக வேண்டும். லாக்டேட்டும் இப்படித்தான்: 2-க்குக் கீழே இருந்தால் நம்பலாம், கூடுதலாக இருந்தால் தேவைப்படும்போது தமனியில் சரிபாருங்கள்.

படி 4: அதிர்ச்சி நிலை (ரத்த ஓட்டம் குன்றிய ஷாக்)

ரத்த அழுத்தம் விழுந்தவரிடம் மேலே சொன்ன கணக்குகள் செல்லாது. ரத்தம் மெதுவாக ஓடுவதால் ஒவ்வொரு துளியிலும் திசுக்கள் கூடுதல் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துவிடும். சிரைக்கும் தமனிக்கும் இடைவெளி விரியும். இங்கே தயங்காமல் தமனியில் எடுங்கள். எடுத்த இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுபவரென்றால் இன்னும் அதிக நேரம்.

படி 5: சீட்டில் எழுதுதல்

எதிலிருந்து எடுத்தது என்று சீட்டில் தெளிவாகக் குறியுங்கள். எழுதாமல் விட்ட சிரை ரத்தத்தில் ஆக்சிஜன் 38 என்று பார்த்துவிட்டு, அடுத்த பணிநேரத்தில் வருபவர் நன்றாக மூச்சு விடுபவருக்குக்கூட செயற்கைச் சுவாசக் குழாயைத் தயார் செய்யக்கூடும்.