உதைப்பதற்கு முன்னால்: பழைய பி.எஸ்.ஏ. வண்டியைக் கிளப்பும் முறை

போன மாதம், தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே உள்ள ஃபீனிக்ஸிலிருந்து என் அண்ணன் மகன் தொலைபேசியில் அழைத்தான். “அத்தை, நாற்பது தடவை உதைத்துவிட்டேன். முழங்கால் வீங்கிவிட்டது. வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை.”

அவன் ஆறடி உயரம், இருபத்தேழு வயது. எனக்கு வயது 61, எடை 52 கிலோ. சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் 1941ஆம் ஆண்டு பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார்சைக்கிளைப் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாவது உதையில் கிளப்பிவிடுவேன். “பெண்பிள்ளையால் 500 சி.சி. வண்டியை உதைக்க முடியுமா?” என்று கேட்டவர்கள் முன்னால் நாற்பது வருடமாக உதைத்துக் காட்டியிருக்கிறேன். இதில் உடல் வலுவுக்குக் கால்பங்கு வேலைகூடக் கிடையாது. அன்று மாலை அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே மின்பொறி உண்டாக்கும் கருவி) வைத்த மற்றப் பழைய ஆங்கிலேய ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

எம்20 பர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத் ஆலையில் பிறந்தது. 496 சி.சி., வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் நிற்கும். இரண்டாம் உலகப் போரின்போது ஏறத்தாழ 1,26,000 வண்டிகள் படைகளுக்குப் போயின. வேகத்துக்குப் பேர்போனது அல்ல, சுமக்கும் வண்டி. என் தாத்தா கிளேர்வுட்டில் கீரைத் தோட்டம் போட்டிருந்தார். போர் முடிந்தபின் இந்த வண்டியைப் பழைய வண்டி விலைக்கு வாங்கி, பக்கத்தில் மரப்பெட்டி ஒன்றைப் பூட்டி, கீரைக்கட்டும் கொத்தமல்லியும் ஏற்றிக்கொண்டு வார்விக் அதிகாலைச் சந்தைக்குப் போவார். விடியற்காலை மூன்று மணிக்கு அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடக் கூடாதென்று ஒரே உதையில் கிளப்புவாராம். பிறகு இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டம் வந்தது, தோட்டம் போயிற்று. வண்டி மட்டும் எங்களோடு சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தது.

முதலில் ஸ்பானர். கார் பெட்டியில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பானர்களை இந்த வண்டியின் அருகே கொண்டுவராதீர்கள். இதன் நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவு. கால் அங்குல விட்வொர்த் நட்டில் 13 மி.மீ. ஸ்பானர் ஏறாது, 14 மி.மீ. ஏறி வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் போல்ட் தண்டின் தடிமனைக் குறிக்கும், ஸ்பானர் வாயின் அகலத்தை அல்ல. இது தெரியாமல் வாங்கினால் குழப்பம்தான். பழைய பொருள் விற்கும் கடைகளில் தேடி, ஐந்தாறு ஸ்பானர் சேர்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது எண்ணெய். வாரக்கணக்கில் நின்ற வண்டி கிளம்பாமல் போவதற்கும், கிளம்பியதும் தெருவே புகையில் மூழ்குவதற்கும் முக்கியக் காரணம் இதுதான். இந்த எஞ்சினில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கிறது. ஒரு பம்ப் அதை எஞ்சினுக்குள் செலுத்துகிறது, இன்னொன்று அடியில் சேர்வதை உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது. வண்டி சும்மா நிற்கும்போது தொட்டி எண்ணெய் பம்ப்பின் பல் இடுக்கு வழியே மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். இறங்காமல் தடுக்க ஸ்பிரிங் தாங்கும் சிறு இரும்புக் குண்டு ஒன்று உண்டு. அதில் தூசி உட்கார்ந்தாலோ, உட்காருமிடம் தேய்ந்தாலோ தடுப்புப் போயிற்று. பிறகு எஞ்சினுக்குள் இருக்கும் கனத்த சக்கரம் (ஃபிளைவீல்) எண்ணெய்க் குளத்தில் சுழல வேண்டியிருக்கும். என் அண்ணன் மகன் நாற்பது தடவை உதைத்தது அந்தக் குளத்தைத்தான்.

அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். அவன் வண்டியிலிருந்து ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. சுத்தமாக இருந்தால் மெல்லிய துணியில் வடிகட்டித் தொட்டியிலேயே திரும்ப ஊற்றலாம். புதிதாக ஊற்றுவதானால் ஒற்றைத் தர எண்ணெய் வாங்குங்கள். டர்பன் வெயிலுக்கு எஸ்.ஏ.இ. 50 எனக்குச் சரிப்படுகிறது. சிலர் எண்ணெய்க் குழாயில் ஒரு மூடுகுழாய் பொருத்துகிறார்கள். நான் அதை வெறுக்கிறேன். திறக்க மறந்து கிளப்பிவிட்டால் சில நிமிடத்தில் எண்ணெய் இல்லாமல் எஞ்சின் இறுகி நின்றுவிடும். மறதி எல்லோருக்கும் உண்டு. அந்தக் குண்டைக் கழற்றித் துடைத்து மாட்டுவதே முறையான வேலை.

பெட்ரோல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்காவில் 2006இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது பழைய வண்டிக்காரர்கள் பலர் கலங்கினார்கள். எம்20 குறைந்த அழுத்தத்தில் ஓடும் எஞ்சின், போர்க்காலத்து மட்டமான பெட்ரோலுக்கே பழகியது. இன்றைய பம்பில் கிடைப்பது அதற்குத் தாராளம். ஆனால் பழைய பெட்ரோலை வைத்துக் கிளப்பப் பார்க்காதீர்கள். கடற்கரை ஊரில் டேங்குக்குள் ஈரம் வியர்த்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கிடக்கும். கிண்ணத்தைக் கழற்றித் துடைத்துவிடுங்கள்.

இனி மேக்னெட்டோ. பேட்டரி செத்திருந்தாலும் இந்த வண்டி கிளம்பும், ஏனென்றால் பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அந்தப் பெட்டிக்குள் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று பாயின்ட், அதாவது திறந்து மூடி மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தொடுமுனைகள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.012 அங்குலம், அதாவது 0.3 மி.மீ. நம் உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் அதன் முகத்தில் மங்கலான படலம் படிந்துவிடுகிறது. கெட்டியான வெள்ளை அட்டைத் துண்டை நடுவே விட்டு இழுத்தால் அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத வரை இழுங்கள். மற்றொன்று, பிளக் கம்பி வந்து சேரும் இடத்தில் கரித்துண்டு உரசும் வளையம். அந்தக் கரித்துண்டைத் தாங்கும் பிக்-அப்பைக் கழற்றி, பென்சிலில் துணி சுற்றி, ஒரு சொட்டுப் பெட்ரோலில் நனைத்து உள்ளே பிடித்துக்கொண்டு, எஞ்சினை மெல்லச் சுழற்றினால் வளையம் துலங்கிவிடும். பெட்ரோல் வாடை அடங்கியபின் உதையுங்கள். பிளக்கின் இடைவெளி 0.5 மி.மீ. இருக்கட்டும்.

குளிர்ந்த வண்டி அழகாகக் கிளம்பி, இருபது நிமிடம் ஓடியபின் நின்று, ஆறினால் மறுபடி கிளம்புகிறதா? கார்புரேட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். பழைய மேக்னெட்டோவின் சுருளுக்கு அரக்குப் பூசியிருப்பார்கள். எண்பது வருட அரக்கு சூட்டில் இளகிக் கசியும், கண்டென்சரும் சூட்டில் தளர்ந்துவிடும். 1998இல் என் வண்டிக்கு இதே நோய் வந்தது. நகரத்து மெக்கானிக் ஒருவர் மூன்று மாதம் வைத்திருந்து கார்புரேட்டரை நான்கு முறை மாற்றி அமைத்தார். கடைசியில் சுருளைப் புதிதாகச் சுற்றி, கண்டென்சரையும் மாற்றியபிறகுதான் தீர்ந்தது. அதற்குச் செலவு உண்டு, ஆனால் அதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது உதைக்கலாம். ஸ்டாண்டில் நிறுத்தி, தடித்த அடியுள்ள பூட்ஸ் அணிந்துகொள்ளுங்கள். கிளட்ச் பிடியை இழுத்துக்கொண்டு கிக்கரை (உதைக்கும் மிதியை) இரண்டு மூன்று முறை அழுத்துங்கள், ஒட்டிக்கிடக்கும் தட்டுகள் பிரிந்துவிடும். பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டர் மீதிருக்கும் சிறு பொத்தானை விரலில் ஈரம் படும்வரை அழுத்துங்கள். குளிர்காலமானால் காற்று லீவரை மூடுங்கள். பிப்ரவரிப் புழுக்கத்தில் நான் மூடுவதே இல்லை.

பொறியின் நேரத்தைக் கைப்பிடி லீவரால் பின்தள்ள வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் பின்போகும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், முன்பே பார்த்துவையுங்கள். முன்நேரத்தில் விட்டு உதைத்தால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன் பொறி விழுந்து கிக்கர் உங்கள் காலையே திருப்பி அடிக்கும். கணுக்கால் முறிந்தவர்கள் உண்டு. ஆனால் முழுவதும் பின்தள்ளினால் மேக்னெட்டோவின் பொறி பலவீனமாகிவிடும். ஆகவே பாதிவரை தள்ளுவேன்.

அடுத்து கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும். அங்கே பிஸ்டன் காற்றை அமுக்கிக்கொண்டு உச்சிக்கு அருகே இருக்கிறது. பலசாலிகள் அந்தக் கெட்டியை எதிர்த்தே உதைக்கிறார்கள், முழங்கால் வீங்குவது அதனால்தான். வால்வு தூக்கியை விரலால் இழுத்து, அழுத்தத்தை வெளியேற விட்டு, பிஸ்டனை உச்சிக்குச் சற்றே அப்பால் நகர்த்துங்கள். தூக்கியை விடுங்கள், கிக்கரை மேலே வர விடுங்கள். இனி அடுத்த அழுத்தம் வர எஞ்சினுக்குள் இருக்கும் கனத்த சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு சுற்று இருக்கிறது. அதற்குள் அது வேகம் பிடித்து, தன் கனத்தாலேயே உச்சியைத் தாண்டிவிடும். உங்கள் வேலை அதற்கு முதல் தள்ளலைக் கொடுப்பது மட்டுமே. ஆக்ஸிலரேட்டரை நூலளவு திறந்து, உடல் எடையைக் கிக்கர் மீது ஏற்றி, அடிவரை ஒரே சீராகக் கொண்டுபோங்கள். வெடுக்கென்று குத்தக் கூடாது. காலை விறைப்பாக நீட்டவும் கூடாது.

“அவ்வளவுதானா அத்தை?” என்றான் தொலைபேசியில். “செய்துவிட்டுச் சொல்” என்றேன். மூன்றாவது உதையில் அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. தனித்தனியாக எண்ணிவிடலாம் போன்ற, ஆழமான, அவசரமில்லாத அந்த டுப் டுப். பேச்சே வரவில்லை எனக்கு. தாத்தாவின் மூன்று மணியை அவனும் கேட்டுவிட்டான்.

கிளம்பியதும் மகிழ்ச்சியில் நின்றுவிடாதீர்கள். லீவரை முன்னே தள்ளி, காற்றைத் திறந்து, உடனே எண்ணெய்த் தொட்டியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். திரும்பிவரும் எண்ணெய் முதலில் சீராகவும், பிறகு காற்றுக் கலந்து விட்டுவிட்டும் கொட்ட வேண்டும். அரை நிமிடத்தில் எதுவும் வரவில்லையானால் நிறுத்திவிடுங்கள்.

ஓட்டும்போது வலது கால் கியர், இடது கால் பிரேக் என்பதைத் தெருமுனைக்குள் பழகிக்கொள்ளுங்கள். பிரேக் இன்றைய கணக்கில் மிகச் சிறியது. எனக்குப் பிடித்த பாதை பைன்டவுன், ஹில்கிரெஸ்ட், போத்தாஸ் ஹில் வழியாக ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகும் பழைய பெருவழி. காம்ரேட்ஸ் மாரத்தான் ஓட்டக்காரர்கள் மூச்சு வாங்கும் அதே மேடுகள். பக்க வால்வு எஞ்சின் நீண்ட ஏற்றத்தில் சூடாகும், அங்கே வேகம் கேட்காதீர்கள். 1913 முதல் 1936 வரை டர்பன்–ஜோகன்னஸ்பர்க் பந்தயம் நடந்த நினைவாக, 1936 வரை செய்த வண்டிகள் இன்றும் ஆண்டுதோறும் ஓடுகின்றன. என்னுடையது அதற்கு வயதில் சிறியது. அவை கடக்கும் காலையில் சாலையோரம் நின்று, கண்ணை மூடி, சத்தத்தை வைத்து எது நார்ட்டன், எது வெலோசெட் என்று கண்டுபிடிப்பேன்.

வீடு திரும்பியதும் பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணம் வற்றி எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கள். பிறகு கிக்கரை அழுத்தி, அந்தக் கெட்டியான இடத்தில் பிஸ்டனை நிறுத்திவையுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும், கடற்காற்று உள்ளே போகாது. அடுத்த ஞாயிறு வால்வு தூக்கியை இழுப்பதிலிருந்து தொடங்கலாம்.