கோடைப் பகல் முகாமில் கவுன்சலர் வேலை: முதல் தடவை போகிறவர்களுக்கு

பிள்ளைகளோடு விளையாடச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்றுதான் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். விளையாட்டு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விளையாட்டு சூடுபிடித்துவிட்டால் கவுன்சலருக்கு, அதாவது பிள்ளைகளின் ஒரு குழுவைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவருக்கு, பெரிதாக வேலை இருக்காது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஐந்து, பத்து நிமிடம் வரும் பாருங்கள், சண்டை, அழுகை, ஒரு பிள்ளை கண்ணில் படாமல் போவது எல்லாம் அங்கேதான். மைதானத்துக்கு நடந்து போகும்போது, கை கழுவ வரிசையில் நிற்கும்போது, மாலையில் பெற்றோருக்காகக் காத்திருக்கும்போது. அந்த இடைவெளிகளைச் சமாளிக்கத் தெரிந்துவிட்டால் மீதி வேலை தானாகப் பழகிவிடும். கீழே நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அதற்கான தயாரிப்புதான்.

படி 1: சேருவதற்கு முன் கேளுங்கள்

முதல் கேள்வி, ஒரு கவுன்சலருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது. பகல் முகாம்களுக்கு அமெரிக்க முகாம் சங்கம் வைத்திருக்கும் அளவுகோல் இது: 5 வயதும் அதற்குக் கீழும் என்றால் 6 பேருக்கு ஒருவர், 6 முதல் 8 வயது வரை 8 பேருக்கு ஒருவர், 9 முதல் 14 வரை 10 பேருக்கு ஒருவர். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். ஏழு வயதுப் பிள்ளைகள் இருபது பேரை உங்கள் ஒருவர் கையில் ஒப்படைக்கிறார்கள் என்றால், யோசித்துவிட்டுச் சேருங்கள்.

அடுத்து, முதலுதவிப் பயிற்சியும் சி.பி.ஆர். (இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்தி உயிர் காக்கும் முறை) பயிற்சியும் அவர்களே தருகிறார்களா, மருந்துகள் யார் பொறுப்பு, நீச்சல் இருந்தால் தனியாக லைஃப்கார்டு (நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றப் பயிற்சி பெற்றவர்) உண்டா என்று கேளுங்கள். உங்கள் பின்னணியை அவர்கள் விசாரித்தால் கோபப்பட வேண்டாம். எதையுமே விசாரிக்காமல் வேலை கொடுக்கும் முகாமைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

படி 2: பிள்ளைகள் வருமுன் படிவங்களைப் படியுங்கள்

உங்கள் குழுவில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் நிரப்பிய படிவம் இருக்கும். அலர்ஜி, ஆஸ்துமா, மருந்து, நீச்சல் தெரியுமா, மாலையில் அழைத்துப்போக யாருக்கு அனுமதி என்று இந்த ஐந்தையும் ஒரு சின்ன அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் உங்களிடமே இருக்க வேண்டும், வேறு யார் கண்ணிலும் படக் கூடாது. இன்ஹேலர், கடும் அலர்ஜிக்குப் போடும் எபிநெஃப்ரின் ஊசி எங்கே இருக்கின்றன என்பதைக் கேட்டு மட்டும் தெரிந்துகொள்ளாமல், போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 3: முதல் நாள் காலை

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள். முதலில் வந்தவன் கடைசி ஆள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டான். அதனால் மேசையில் காகிதமும் கிரேயானும் தயாராக இருக்கட்டும். வந்ததும் உட்கார்ந்து தன் பெயர் அட்டைக்கு வண்ணம் தீட்டலாம். உங்களுக்கும் பெயர்கள் மனதில் பதியும்.

அம்மாவை விட்டு வர மாட்டேன் என்று அழும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். வழியனுப்புவது நீள நீள அழுகையும் நீளும். பெற்றோரிடம், “டாட்டா சொல்லிட்டுக் கிளம்புங்க, நான் பாத்துக்கறேன், கொஞ்ச நேரத்துல எப்படி இருக்கான்னு சொல்றேன்” என்று சொல்லி அனுப்புங்கள். சொன்னபடி தகவலும் கொடுங்கள். ஆனால் சொல்லாமல் நைசாக நழுவ விடாதீர்கள், மறுநாள் இரட்டிப்பாக அழும். பிள்ளையிடம் “அழாதே” என்பதைவிட, “இந்தப் பந்துக் கூடையைத் தூக்க ஒரு ஆள் வேணுமே” என்று கையில் ஒரு வேலையைக் கொடுப்பது நன்றாகப் பலிக்கும்.

விதிகள் மூன்று போதும்: என் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இரு, கை கால் உன்னோடு இருக்கட்டும் (அடிக்கவோ தள்ளவோ கூடாது), சிக்னல் கேட்டால் நில். அந்த சிக்னலை முதல் நாளே விளையாட்டுப் போலப் பழக்குங்கள். நீங்கள் ஒரு தாளத்தில் கை தட்ட, அவர்கள் அதையே திருப்பித் தட்டிவிட்டு அமைதியாக வேண்டும். இன்னொன்று, சாதாரணக் குரலில், “நான் பேசறது கேட்டா ஒரு தடவை கை தட்டுங்க” என்பது. முன்வரிசை தட்டும். “இப்ப ரெண்டு தடவை.” பாதிப் பேர் தட்டுவார்கள். மூன்றாவதில் எல்லோரும் உங்கள் பக்கம் திரும்பியிருப்பார்கள். கத்தி அடக்கலாம் என்று போனால் மதியத்துக்குள் உங்கள் தொண்டைதான் கட்டும்.

படி 4: எண்ணுங்கள், மறுபடியும் எண்ணுங்கள்

இந்த வேலையில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லித்தர அனுமதி என்றால் நான் சொல்வது இதுதான். ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும்போது எண்ண வேண்டும், போய்ச் சேர்ந்ததும் எண்ண வேண்டும், கழிப்பறைக்குப் போய்த் திரும்பினாலும் எண்ண வேண்டும். பிள்ளைகளே வரிசையாக எண் சொல்வது வேடிக்கையாக இருக்கும், ஆனால் அதை நம்பாதீர்கள். இல்லாத நண்பனுக்காக இன்னொருவன் “ஏழு” என்று குரல் கொடுப்பான். முகத்தைப் பார்த்து நீங்களே எண்ணுங்கள். ஜோடி சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. “உன் ஜோடி எங்கே?” என்று கேட்டால் பதில் உடனே வரும்.

நடக்கும்போது இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். நீங்கள் மட்டும் என்றால் கடைசியில் நில்லுங்கள். முன்னால் போகிறவனிடம், “அந்தப் பெரிய மரம் வரைக்கும் போய் நில்லு” என்று கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஓர் இலக்கைச் சொல்லுங்கள். அங்கே போனதும் அடுத்த இலக்கு.

எண்ணிக்கை ஒன்று குறைகிறதா? மொத்தக் குழுவையும் அங்கேயே உட்கார வையுங்கள். இன்னொரு கவுன்சலரைக் கூப்பிட்டு முகாம் டைரக்டருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். “முதலில் நானே தேடிப் பார்த்துவிடுகிறேன்” என்ற எண்ணமே வேண்டாம். குளமோ நீச்சல் குளமோ இருந்தால் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள், கழிப்பறையும் கடைசியாக இருந்த இடமும் அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் மறந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போயிருப்பான். அப்படியே இருந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டும்.

படி 5: பொருள் எதுவும் தேவைப்படாத விளையாட்டுகள்

வரிசையில் நிற்கும்போதே ஆடக்கூடியவை நாலைந்து தெரிந்திருக்க வேண்டும். ஒருவன் திரும்பி நிற்பான். மற்றவர்களில் ரகசியமாக ஒரு தலைவர். அவர் தலையைச் சொறிந்தால் எல்லோரும் சொறிய வேண்டும், அவர் குதித்தால் எல்லோரும் குதிக்க வேண்டும். திரும்பியவன் தலைவர் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு, “நான் ஒண்ணு பாக்கறேன், அது நீல நிறம்” என்று சொல்லி, அது எதுவென்று கண்டுபிடிக்க விட்டால் போதும். பத்து வயதுக்கு மேல் விடுகதை போடுங்கள், சின்னப் பிள்ளை விளையாட்டு என்று முகம் சுளிக்க மாட்டார்கள். ஆர்வம் குறைவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், “இன்னும் ஒரு தடவை!” என்ற கூச்சல் கேட்கும்போதே.

படி 6: சண்டை வந்தால்

“ஏன் அடிச்சே?” என்று கேட்டால் “அவன்தான் முதல்ல” என்பதற்கு மேல் எதுவும் வராது. இருவரையும் சற்றுப் பிரித்து, முழங்காலிட்டு அவர்கள் கண் மட்டத்துக்கு வந்து, ஒவ்வொருவரிடமும் “என்ன நடந்துச்சு?” என்று கேளுங்கள். நீதிபதியாகித் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. “பந்து ஒண்ணுதான் இருக்கு, ரெண்டு பேர் இருக்கீங்க, என்ன பண்ணலாம்?” என்றால் பாதி நேரம் அவர்களே வழி சொல்வார்கள். பதினொரு வயதுப் பிள்ளையை மட்டும் நண்பர்கள் முன் கண்டிக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, ஆனால் மற்றவர்கள் பார்வையிலேயே நின்று பேசுங்கள். ஒரே பிள்ளை தினமும் ஒரே நேரத்தில் வம்பு செய்தால், பசியா தூக்கமா என்று முதலில் பாருங்கள்.

படி 7: வெயில், காயம், நீச்சல்

எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனை, வெளியே போவதற்கு 15 நிமிடம் முன் பூச வேண்டும். பிறகு 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. தாகம் என்று கேட்கும்வரை காத்திராமல் நீங்களே நிறுத்தித் தண்ணீர் குடிக்க வையுங்கள். உடம்பு சுட்டெரித்து, பேச்சு குழம்பி, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. அவசர எண்ணை அழையுங்கள், நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரால் உடம்பைக் குளிர்வியுங்கள்.

மூக்கில் ரத்தம் வந்தால் பலர் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்வார்கள், அது தவறு. சற்று முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். கடும் அலர்ஜியில் எபிநெஃப்ரின் ஊசி தொடையின் வெளிப்பக்கம் போடப்படும். பிள்ளை தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் ஆம்புலன்ஸ் வந்தே ஆக வேண்டும். தலையில் அடி என்றால், எவ்வளவு சின்னதானாலும் பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

நீரில் மூழ்கும் பிள்ளை கத்திக் கையசைக்காது, பெரும்பாலும் சத்தமே இருக்காது. லைஃப்கார்டு இருக்கிறார் என்று நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

படி 8: உங்கள் எல்லைகள்

மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும். உங்கள் சொந்தப் போனில் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். “அக்கா, யார்கிட்டயும் சொல்லக் கூடாது” என்று ஒரு பிள்ளை ஆரம்பித்தால், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். “உனக்கு உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட நான் சொல்ல வேண்டியிருக்கும்” என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். துருவித் துருவி விசாரிப்பது உங்கள் வேலையில்லை. பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, அன்றே பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

படி 9: மாலை ஒப்படைப்பு

நாள் முழுக்க ஓடியாடியதில் எல்லோரும் களைத்திருக்கும் நேரம் இது, இதிலும் ஓர் இடைவெளி. பிள்ளை “தாத்தா!” என்று கத்திக்கொண்டு ஓடும். பட்டியலில் தாத்தாவின் பெயர் இருக்காது. அவர் கோபப்பட்டாலும், சிரித்த முகத்தோடு, “ஒரு நிமிஷம் சார், அலுவலகத்துல கேட்டுடறேன்” என்று பிள்ளையைக் கையில் பிடித்தபடி நில்லுங்கள். அடையாள அட்டை, கையெழுத்து, அதன் பிறகே பிள்ளை.

பெற்றோரிடம் “நல்லா இருந்தான்” என்பதோடு நிறுத்தாமல் குறிப்பாக ஒன்று சொல்லுங்கள்: “இன்னிக்குப் புதுசா வந்த பையனுக்கு விளையாட்டு விதியெல்லாம் சொல்லிக் கொடுத்தான்.” முழங்கால் சிராய்ப்பு இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை சொல்லித் தெரியும்படி விடாதீர்கள், நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு அன்றைய சம்பவப் பதிவை எழுதி, முதலுதவிப் பெட்டியில் தீர்ந்ததை நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள்.